தம்பிக்குக் கோர்ட் தேதி வந்துவிட்டது, முதல் நாளே ஒத்துக்கொண்டு முடித்துவிடலாமா?

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதியது:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், எங்கள் குடும்பத்தில் கோர்ட் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை, எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

என் தம்பிக்கு 27 வயது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது, வொர்க் பெர்மிட், துவாஸ் பக்கம் டார்மிட்டரி. நான் கல்யாணமாகி வந்தவள், என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா லேன் பக்கம் டார்மிட்டரி பேருந்துக்கு வரிசையில் நின்றிருக்கிறான். நடுவில் ஒருவர் நுழைந்திருக்கிறார். வாய்த்தகராறு ஆகி, அவர் இவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ள, இவன் அடித்துவிட்டான். அந்த ஆளுக்கு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். இருவருமே குடித்திருக்கவில்லை. போலீஸ் வந்து கூட்டிப்போய் வாக்குமூலம் வாங்கினார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், என் வீட்டுக்காரர் போய் போலீஸ் பெயிலில் அழைத்து வந்தார். போன வாரம் மறுபடி கூப்பிட்டு, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி இன்னொரு வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவித்தது. அடுத்த வியாழக்கிழமை காலையில் அரசு நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி "போய் ஒத்துக்கிறேன் அக்கா, அபராதம் போட்டா கட்டிட்டு வேலையைப் பார்க்கலாம்" என்கிறான். அம்மாவும் ஊரிலிருந்து தினம் போன் செய்து, இழுக்காதே, முடித்துவிடு என்றுதான் சொல்கிறார். முதல் நாளே ஒத்துக்கொண்டால் அன்றே முடிந்துவிடுமா? வக்கீல் வைத்தே ஆகவேண்டுமா? சிறைக்கு அனுப்புவார்களா? அவனுக்கு ஆங்கிலம் வேலையிடத்துக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது.

---

பொங்கோல்_ராத்திரி எழுதியது:

அக்கா, முதலில் மூச்சு விடுங்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், வேறொரு வழக்கு, இன்று அதைக் கடந்து குடும்பம் குட்டி என்று இருக்கிறேன். முதல் நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன், சட்டம் தெரிந்தவர்கள் மற்றதைச் சொல்வார்கள்.

முதல் நாள் விசாரணை நாள் இல்லை, அதை 'மென்ஷன்' என்பார்கள். சாட்சி வராது, அந்த உதடு கிழிந்த ஆள் வரமாட்டார், வாதம் ஏதும் நடக்காது. சைனாடவுன் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் ஹேவ்லாக் சதுக்கத்தில் அந்த உயரமான இரட்டைக் கட்டடம். உள்ளே விமான நிலையம் மாதிரி பையைச் சோதிப்பார்கள். திரையில் பெயரும் கோர்ட் எண்ணும் வரும். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே போய்விடுங்கள், ஆனால் அவன் பெயரைப் பதினொன்றுக்கும் கூப்பிடலாம், அதுவரை இருக்கையை விட்டு எழுந்து காப்பி குடிக்கப் போகாதீர்கள். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பிடியாணை வரும், உங்கள் வீட்டுக்காரர் பிணைக்கு வைத்த பணமும் ஆபத்தில் மாட்டும்.

பெயர் கூப்பிட்டதும் அவன் முன்னால் போய் நிற்பான். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் வந்து எந்த மொழி என்று கேட்பார். தமிழ் என்று சொல்லச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம், அதற்குக் கட்டணம் கிடையாது. குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், விசாரணை கோரலாம், இல்லையென்றால் வக்கீல் பார்க்கவோ சட்ட உதவிக்கு மனுப்போடவோ அவகாசம் கேட்கலாம். அவகாசம் கேட்பது யாரையும் எரிச்சல்படுத்தாது. நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதிப்பேர் அதைத்தான் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான், தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். போலீஸ் பெயில் அதோடு முடிந்து கோர்ட் பெயில் ஆரம்பிக்கும், பிணையாளர் நேரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். 21 வயது ஆனவராக, குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக் கூடாது. எனக்கு அன்று பிணையாளர் வேலையிலிருந்து வரத் தாமதமாகி, நான் கீழே லாக்கப்பில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியின் குளிர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

---

ஜூரோங்_டார்ம் எழுதியது:

அக்கா, நானும் வொர்க் பெர்மிட்தான். மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் இங்கே பிறந்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. என் அறை நண்பன் ஒருவன் இதே 323. வழக்கு முடியும் வரை ஊருக்குப் போக முடியாது. அவனுக்கு வொர்க் பெர்மிட் ரத்தாகி ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள், வழக்குக்காக இங்கே தங்கியிருக்க மட்டும் அது, வேலை இல்லை, சம்பளம் இல்லை, ஏஜென்டுக்குக் கட்டிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டே போனது. ராத்திரி சாப்பாட்டுக்கு, எங்களை மாதிரி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற டிடபிள்யுசி2 அமைப்பு தேக்காவில் கொடுக்கும் டோக்கனை வைத்து ஓட்டினான். எட்டு மாதம். கடைசியில் ஒத்துக்கொண்டான், அபராதம், ஊருக்குப் போய்விட்டான். இதை முதல் மாதமே செய்திருந்தால் ஏழு மாதம் மிச்சம் என்று அழுதான்.

அதனால் "ஒத்துக்கொள்ளாதே, போராடு" என்று சொல்வது எளிது அண்ணே. போராடுகிற நாளெல்லாம் யார் சோறு போடுவது? அடித்தது உண்மை என்றால் ஒத்துக்கொண்டு முடிப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. வேலை விஷயத்தில் கோர்ட் ஒன்றும் செய்யாது, அது மனிதவள அமைச்சு எடுக்கிற முடிவு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

---

பழைய_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தம்பி ஜூரோங், உங்கள் நண்பர் பட்ட பாடு உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 'அடித்தது உண்மை என்றால்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், என் முப்பது வருஷ வேலையே அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

இந்தக் கோர்ட் முன்பு இருந்த, 1975இல் கட்டிய எண்கோணக் கட்டடத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன் நான். அப்போது சபார்டினேட் கோர்ட் என்போம், 2014இல்தான் அரசு நீதிமன்றங்கள் என்று பெயர் மாறியது. தமிழில் 'அடிச்சேன்' என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை ஆங்கிலமாக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. கன்னத்தில் அறைந்தாலும் அடிச்சேன்தான், முஷ்டியை மடக்கிக் குத்தினாலும் அடிச்சேன்தான், வருகிற கையைப் புறங்கையால் தட்டிவிட்டது பட்டுவிட்டாலும் நம் ஆட்கள் அடிச்சேன் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது, தாளில் ஏறிய பிறகு அந்தச் சொல்தான் நிற்கும். நல்ல மொழிபெயர்ப்பாளராக இருந்தால் "எப்படி அடித்தாய், கை எப்படி இருந்தது" என்று கேட்பார், அவசரத்தில் எல்லோரும் கேட்பதில்லை.

இன்னொன்று 'சரிங்க சார்'. நம்மவர்கள் அதிகாரி முன்னால் 'சரிங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள், ஒப்புக்கொண்டேன் என்று பொருள் இல்லை. கோர்ட்டில் அது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

குற்றத்தை ஒத்துக்கொள்வது ஒரு சொல்லில் முடிகிற காரியம் இல்லை அம்மா. குற்றச்சாட்டை வாசிப்பார்கள். ஒத்துக்கொள்வதன் தன்மையும் விளைவும் புரிகிறதா என்று நீதிபதி கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பிறகு அரசுத் தரப்பு 'சம்பவ விவர அறிக்கை' ஒன்றைக் கொடுக்கும், எத்தனை மணிக்கு, எங்கே, யார் என்ன செய்தார், காயம் என்ன என்று எண் போட்டு வரிசையாக இருக்கும். அதைத் தமிழில் முழுக்க வாசித்துக் காட்டுவார்கள். அதில் உள்ளதை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டால்தான் குற்றவாளி என்று தீர்ப்பு, அதற்குப் பிறகுதான் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேச வாய்ப்பு.

ஒரு பெரியவர். மூன்று கேள்விக்கும் 'சரிங்க' சொன்னார். தண்டனையைக் குறைக்க ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டதும் கைகூப்பி, "ஐயா, அவன் கட்டையோட வந்தான், நான் தடுத்தேன், அவனே விழுந்தான்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒத்துக்கொண்டது செல்லாது, விசாரணைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, குற்றத்தின் அடிப்படையையே மறுக்கிற மாதிரி எதையாவது சொன்னால் அந்த ஒப்புதலை நீதிபதி தள்ள வேண்டும். பெரியவர் வெளியே வந்து என்னிடம், "நான் முடிச்சுக்கலாம்னுதானே வந்தேன்" என்றார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் செய்யாத ஒன்றுக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதுதான் என்னை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

அதனால் அம்மா, வக்கீல், பணம், நாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இன்று ராத்திரி தம்பியை உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த ஆள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதற்கும் இவன் கை அந்த ஆள் உதட்டில் பட்டதற்கும் நடுவில் என்ன நடந்தது? ஒவ்வொரு நொடியாகக் கேளுங்கள். எழுந்து நின்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

---

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே நேற்று ராத்திரி கேட்டேன். என் வீட்டுக்காரரை அந்த ஆளாக நிற்கவைத்து நடித்துக் காட்டச் சொன்னேன். அந்த ஆள் தள்ளினார், இவன் ஓரடி பின்னால் போனான், ஏதோ திட்டினான், அந்த ஆள் கையில் நீளக் குடை ஒன்று இருந்திருக்கிறது, அதை ஓங்கியிருக்கிறார். இவன் இடது கையால் குடையைத் தடுத்து வலது கையை வீசியிருக்கிறான். அதுதான் உதட்டில் பட்டது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட குடை என்ற சொல்லை அவன் சொன்னதில்லை. போலீஸிடம் சொன்னாயா என்றேன். "நீ அடிச்சியான்னு கேட்டாங்க, ஆமான்னேன், குடையைப் பத்திக் கேட்கலையே" என்கிறான். இரண்டாவது வாக்குமூலத்தில் என்ன சொன்னாய் என்றால் "மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்" என்கிறான். அது மட்டும்தானாம்.

இது பெரிய விஷயமா, இல்லை நான் கற்பனை செய்துகொள்கிறேனா? இப்போது சொன்னால் நம்புவார்களா?

---

ஹேவ்லாக்_குமாஸ்தா எழுதியது:

பெரிய விஷயம்தான் சகோதரி. நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்து வருஷமாகக் குமாஸ்தா, இந்தக் கோப்புகளைத்தான் தினமும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவை ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எடுங்கள்.

'அவன் தள்ளினான், கோபம் வந்தது, அடித்தேன்' என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்கிற காரணம். குற்றம் குற்றமாகவே இருக்கும். 'அவன் குடையை ஓங்கினான், என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை வீசினேன்' என்பது தற்காப்பு, தண்டனைச் சட்டம் 96ஆம் பிரிவிலிருந்து வருகிறது, அது நின்றால் குற்றமே இல்லை. ஆனால் தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு தம்பியுடையது, தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. குடையை இடது கையால் பிடித்து நிறுத்திவிட்ட பிறகும் வலது கையால் அடித்தானா, இரண்டும் ஒரே அசைவா என்பதில்தான் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்பார். அதையும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வாக்குமூலம்தான் எனக்குக் கவலை. அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 23ஆம் பிரிவு. குற்றச்சாட்டை வாசித்துவிட்டு ஓர் எச்சரிக்கையும் படிப்பார்கள், உன் தரப்பில் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லாமல் விசாரணையில்தான் முதன்முறையாகச் சொன்னால் நீதிபதி உன்னை நம்புவது குறையலாம் என்று. நம் ஆட்கள் அந்த இடத்தில் மரியாதைக்கு 'மன்னிச்சிடுங்க' சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்தத் தாளில் அது தவறை ஒத்துக்கொண்ட மாதிரிதான் தெரியும். ஆனால் கதவு அடைத்துவிடவில்லை. முதல் வாக்குமூலத்திலேயே குடை இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்கவேண்டும். எந்த வாக்குமூலத்தையும் தெரிந்த மொழியில் திரும்ப வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டால் திருத்தி, பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது சட்டம். இனி யாராவது இதைப் படித்தால் அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது. வியாழக்கிழமை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், சட்ட உதவிக்கு அவகாசம் கேட்கட்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தம்பி போன்றவர்களுக்கு 'புரோ போனோ எஸ்ஜி' நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் இருக்கிறது, வருமானத்தைப் பார்ப்பார்கள். அதே கட்டடத்தில் சமூக நீதி நிலையமும் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார்கள், வியாழக்கிழமையே எட்டிப் பாருங்கள்.

வழக்கறிஞர் கிடைத்ததும், அரசுத் தரப்பில் வழக்கை நடத்துகிற தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார், எங்கள் பேச்சில் 'ரெப்ஸ்'. குடை விஷயத்தைச் சொல்லி, அந்த இடத்துக் கேமராப் பதிவைப் பார்க்கக் கேட்டு, குற்றச்சாட்டைக் கைவிடவோ கடும் எச்சரிக்கையோடு விடவோ கேட்கலாம். தேக்காவில் கேமராவுக்குப் பஞ்சமில்லை, வரிசையில் நின்ற மற்றவர்கள் யாராவது தம்பியின் டார்மிட்டரியிலேயே இருப்பார்கள், அவர்கள் பெயரை மறப்பதற்குள் எழுதிவையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 323 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்து, அரசுத் தரப்பும் ஒப்புக்கொண்டால், தம்பி விடுதலை ஆனதற்குச் சமம். மருத்துவச் செலவு, ஒரு மன்னிப்பு என்று முடிந்தவை எத்தனையோ இருக்கின்றன. ஆனால் தம்பியோ நீங்களோ அந்த ஆளைத் தேடிப் போகவே கூடாது, போன்கூட வேண்டாம், சாட்சியை மிரட்டினான் என்று ஆகிவிடும். எல்லாம் வழக்கறிஞர் மூலம்தான்.

சிறையா என்று கேட்டிருந்தீர்கள். 323க்கு அதிகபட்சம் 3 வருஷச் சிறை, 5,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பும் சிறையில் 3 வருஷம்தான், அபராதம் 10,000 வெள்ளி வரை. முதல் தடவை, சிறிய காயம், ஒத்துக்கொண்டவர் என்றால் அபராதத்தோடு முடிவதும் உண்டு, சில வாரச் சிறையும் உண்டு. உதட்டுத் தையல் எவ்வளவு ஆழம், தழும்பு இருக்கிறதா என்ற மருத்துவ அறிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அறிக்கையைப் பார்க்காமல் 'அபராதம்தான்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

---

ஜூரோங்_டார்ம் எழுதியது:

குடை விஷயம் தெரியாமல்தான் முன்னால் அப்படி எழுதினேன் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி. சீக்கிரம் ஒத்துக்கொண்டால் தண்டனையில் தள்ளுபடி என்று என் நண்பனுக்குச் சொன்னார்கள். அவகாசம் கேட்டுக்கொண்டே போய் கடைசியில் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தால் அந்தத் தள்ளுபடி போய்விடாதா?

---

ஹேவ்லாக்_குமாஸ்தா எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, இந்தப் பயத்தில்தான் பலபேர் முதல் நாளே தலையாட்டுகிறார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் தண்டனை ஆலோசனைக் குழுவின் வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. சீக்கிரம் ஒத்துக்கொண்டால் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறைக்கலாம், தாமதமாக ஆக அது 20, 10 என்று இறங்கி, விசாரணை தொடங்கிவிட்டால் 5 விழுக்காடுதான். நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் பார்ப்பார்கள். முக்கியமானது என்னவென்றால் அந்த முதல் கட்டத்துக்கு 12 வாரம் இருக்கிறது, அந்த 12 வாரமும் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. 'குற்றத்தை ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்க வழக்கு தயார்' என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்கிற நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். அதனால் ஒரு மாதம் அவகாசம் வாங்கி வக்கீலைப் பார்ப்பதால் எதுவும் குறையாது. யோசிக்கத்தான் அந்த நாட்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஒத்துக்கொண்ட பிறகு மேல்முறையீடு தண்டனை அதிகம், இல்லையென்றால் தண்டனை சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் போகமுடியும், நான் செய்யவே இல்லை என்று போகமுடியாது. தண்டனை சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் தலையாட்டிவிட்டு மூன்றாவது நாள் அலுவலகத்துக்கு வந்து அழுதவர்களுக்கு எங்கள் வக்கீலால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

---

பொங்கோல்_ராத்திரி எழுதியது:

விசாரணைக்கே போனால் எப்படி இருக்கும் என்று தம்பி பயப்படுவான், அதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருகிற மாதிரி மேசையைத் தட்டிக் கத்துகிற வேலை கிடையாது. ஜூரியை 1969லேயே ஒழித்துவிட்டார்கள், ஒரு நீதிபதிதான், அவரே கேட்டு அவரே தீர்ப்புச் சொல்வார். முதலில் அரசுத் தரப்பு சாட்சிகள், அந்த உதடு கிழிந்தவர், டாக்டர், போலீஸ். நம் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அவர்கள் முடித்த பிறகுதான் தம்பி பேச வேண்டியது வரும். எனக்கு நடந்தது இரண்டரை நாள். பெரும்பாலும் அமைதிதான், ஏசி சத்தமும் மொழிபெயர்ப்பாளர் குரலும். வரும்போது முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள், உள்ளே நன்றாகக் குளிரும்.

---

பழைய_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, ஒரு சின்ன வேலை. தம்பி நடித்துக் காட்டியதை அவன் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள், 'தற்காப்பு' என்ற சொல்லை அவன் வாயில் போடாதீர்கள். குடை எந்தக் கையில், எவ்வளவு உயரம் ஓங்கியது, நுனி இவன் பக்கமா கைப்பிடி இவன் பக்கமா, இவன் கை மடங்கியிருந்ததா விரிந்திருந்ததா. அவனுக்கு எதிராக ஏதாவது இருந்தால் அதையும் எழுதட்டும். தேதி போட்டு, வக்கீலிடம் மட்டும் கொடுங்கள்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் சொல்வது புரியவில்லை என்றால் "புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லவேண்டும், முகத்தைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. நான் அந்த வாக்கியத்தைக் கேட்க எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறேன், கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

---

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதியது:

போய் வந்துவிட்டோம். எட்டேகாலுக்கே போய் உட்கார்ந்தோம், பத்தே முக்காலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஓர் அம்மா, குரல் தெளிவாக இருந்தது. குற்றச்சாட்டு வாசித்ததும் தம்பி முதலில் தலையாட்டினான், எனக்கு வயிற்றைக் கலக்கியது, அப்புறம் அவனே வாய்திறந்து "சட்ட உதவிக்கு மனுப்போடணுங்க, டைம் வேணும்" என்றான். நான்கு வாரம் கொடுத்தார்கள். பிணை 5,000 வெள்ளி, அந்த ஆளோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று நிபந்தனை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது மணி இரண்டு.

கீழே சமூக நீதி நிலையத்தில் விசாரித்தோம், பொறுமையாகக் கேட்டு, மனுவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், சம்பளச் சீட்டுதான் முதலில் கேட்டார்கள். ஜூரோங் தம்பி, நீங்கள் சொன்ன செலவுக் கவலை எங்களுக்கும் இருக்கிறது, கம்பெனி இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஏதாவது ஆனால் எங்கள் வீட்டுச் சோறு இருக்கிறது, நீங்களும் ஒருநாள் வாருங்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். இன்னும் முடியலையா என்றுதான் முதலில் கேட்டார். குடையைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "அவனுக்கு எங்கேயும் அடிபடலையே?" என்றார். இத்தனை மாதத்தில் அதை நானும் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இடது மணிக்கட்டில் பட்டிருக்கிறதாம், மறுநாள் வீங்கியிருந்ததால் டார்மிட்டரி பக்கத்து கிளினிக்கில் காட்டியிருக்கிறான். ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறோம், குமாஸ்தா சார், கிளினிக்கில் பழைய பதிவைக் கேட்டால் கொடுப்பார்களா?

---

ஹேவ்லாக்_குமாஸ்தா எழுதியது:

கொடுப்பார்கள், தம்பியே அடையாள அட்டையோடு நேரில் போய்க் கேட்கட்டும், தேதியும் எந்தக் கை என்பதும் இருக்கிற மாதிரி மருத்துவக் குறிப்பாகவே கேளுங்கள். நாளைக்கே போங்கள் சகோதரி.